சோற்றுக்கு என்ன கறி?

கறி என்ற சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டவர் மதுரையில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகிக் குமரி மாவட்டத்துக் கருங்கலுக்கு வந்திருக்கிறார். முதல் ஞாயிற்றுக்கிழமை மாமியார் "கறி ஆயாச்சு, சாப்பிட வா மக்களே" என்று கூப்பிட்டாராம். ஆட்டுக்கறி என்று ஆசையோடு போய் உட்கார்ந்தவருக்குத் தட்டில் விழுந்தது சாளை மீனும் அவியலும். கணவருக்கு டெக்னோபார்க்கில் மென்பொருள் வேலை. "எங்க கோடிங்கிலயும் கறியிங் உண்டு" என்று அவர் சிரிக்கிறார். அவருடைய கன்னட நண்பர் கரி என்றால் கறுப்பு என்கிறார். ஜப்பானில் கரே என்று ஒன்று இருக்கிறது. இதற்கு நடுவில் யாரோ ஒருவர், கறி ஆங்கிலேயர் தந்த சொல் என்று வேறு சொல்லிவிட்டாராம். எல்லாம் ஒரே சொல்தானா, எது பழைய அர்த்தம் என்பது கேள்வி.

தக்கலைப் பக்கம் முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்கிற உரிமையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய அர்த்தத்துக்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் மாமியார் சொன்ன கறிதான். மதுரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் அர்த்தமும் தப்பில்லை, கொஞ்சம் பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வழியில் ஒருவரைப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். ஆச்சு என்றால் அடுத்த கேள்வி "என்ன கறி?" பதில் சாளைக்கறியாக இருக்கலாம், பயறாக இருக்கலாம், வெறும் புளிக்கறியாகவும் இருக்கலாம். "இன்னைக்குக் கறி ஒண்ணும் இல்லை" என்றால் வீட்டில் இறைச்சி எடுக்கவில்லை என்று பொருள் இல்லை. சோறு மட்டும் இருக்கிறது, அதோடு சேர ஒன்றும் இல்லை என்று பொருள். ஓரமாக வைத்துத் தொட்டுக்கொள்வது தொடுகறி. இறைச்சிக்கு எறச்சி என்று தனிச்சொல் இருக்கும்போது கறி எதற்கு அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்? ஆக, இங்கே கறி ஒரு பண்டத்தின் பெயர் அல்ல. சோற்றுக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறதே, அந்த இடத்தின் பெயர். அதில் மீனும் உட்காரலாம், முருங்கைக்காயும் உட்காரலாம்.

இது குமரி மாவட்டத்தின் தனிப்பழக்கம் என்று நினைக்காதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மதுரையிலும்தான் சொல்கிறார்கள். சுரைக்காயைப் போட்டு எந்தக் கசாப்புக்காரரும் கறி விற்றதில்லை. காய்கறி என்ற சொல்லுக்குள் அந்தப் பழைய கறி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஐயங்கார் வீட்டில் கறியமுது என்றால் காய். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கறியமுது படைக்க நிவந்தம் விட்ட செய்தி வரும், அதுவும் காய்தான். யாழ்ப்பாணத்தில் காய்க்கு மரக்கறி என்றும், மீன், இறைச்சி சேர்ந்தால் மச்சக்கறி என்றும் பிரித்துச் சொல்வார்கள். பிரிக்கிறார்கள் என்றாலே, கறி என்பது இரண்டுக்கும் பொதுவாக நின்ற சொல் என்று தெரிகிறதல்லவா?

அப்படியானால் மதுரையில் கறி எப்படி ஆட்டுக்கறியாயிற்று? உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. மதுரையில் "பூ வாங்கிட்டு வா" என்றால் மல்லிகைதான் வரும். எங்கள் தோவாளைச் சந்தையில் போய்ப் பூ வேண்டும் என்று மட்டும் சொன்னால், எந்தப் பூ என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு கூட்டத்தில் எது மதிப்பாக நிற்கிறதோ அது பொதுப்பெயரை எடுத்துக்கொள்ளும். கறிகளில் மதிப்பான கறி ஆடு. அது பெயரைத் தனதாக்கிக்கொண்டது. இங்கே கடலோரத்தில் மீன் தினமும் கிடைக்கிற பண்டம். தினமும் வருகிறவருக்கு யார் தனி மரியாதை தருகிறார்கள்?

இனி, உங்கள் மாமியாரையும் தாண்டிப் பின்னால் போக வேண்டும். சங்கப் பாட்டில் கறி என்றால் பெரும்பாலும் மிளகு. யவனர் கப்பல் மேற்குக் கரைத் துறைமுகமான முசிறிக்குப் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு. பொன்னைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு ஆட்டிறைச்சி ஏற்றிக்கொண்டு போக யவனருக்குப் பைத்தியமா? (வகுப்பில் இந்த அடி வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். வருடா வருடம் அதே இடத்தில்.) காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்திருந்த சரக்கைச் சொல்லும் பட்டினப்பாலை, வண்டியில் வந்த 'கருங்கறி மூடை' என்கிறது. குறுந்தொகையில் கறிக்கொடி வளரும் மலைச்சரிவில் குரங்குகள் தளிர் தின்கின்றன. இந்தக் காட்சியைப் பார்க்க நீங்கள் முசிறிக்குப் போக வேண்டாம். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போனால் தோட்டத்து மரங்களில் கொடி ஏறியிருக்கும். குரங்கும் இருக்கும்.

நான் மிகவும் ரசிக்கிற இடம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்து, அதில் கறியைக் கலந்து, கஞ்சகத்தின் நறுமுறியை, அதாவது மணமுள்ள தளிரைச் சேர்க்கிறார்கள். கறி இங்கே மிளகுப்பொடி. கஞ்சகம் கறிவேப்பிலை. பக்கத்திலேயே மாவடு ஊறுகாய். காய், காரம், கறிவேப்பிலை, புளிப்பு என்று இன்றைய அடுக்களை முழுவதும் இருக்கிறது. மிளகாய் வற்றல் மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து இறக்கும்வரை நம் நாக்குக்குக் காரம் கொடுத்தது மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான்.

மிளகுக்கும் தொட்டுக்கொள்வதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது? கறித்தல் என்று பழைய வினைச்சொல் ஒன்று உண்டு. கடித்துத் தின்பது என்று பொருள். ஆடு புல்லைக் கறிக்கும். இன்று தமிழில் அது வழக்கொழிந்துவிட்டது, ஆனால் அக்கம்பக்கத்தில் உயிரோடு இருக்கிறது. நாய் கடித்தது என்பதைத் தெலுங்கில் 'குக்க கரிசிந்தி' என்பார்கள். கன்னடத்தில் 'நாயி கச்சிது'. அந்தக் கச்சு பழைய கன்னடத்தில் கர்ச்சு. மூன்றும் ஒரே வேரின் கிளைகள். சோற்றோடு கடித்துக்கொள்வது கறி. நாக்கைக் கடிப்பதும் கறி. கடிபடுவது காய், கடிப்பது மிளகு என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. மிளகைச் சேர்த்துச் சமைத்ததால் அந்தப் பெயர் பதார்த்தத்துக்கு ஏறியது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வேர்ச்சொல் வழிதான் நேராகப் படுகிறது, ஏனென்றால் மிளகே போடாத அவியலும் கறிதான்.

மிளகின் பெயருக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. உங்கள் மாமியார் நல்லமிளகு என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்போ கெட்ட மிளகு எது என்று நீங்கள் யோசித்திருக்கவும் கூடும். கப்பலில் வந்த புதுக்காய் மிளகு என்ற பெயரைப் பிடித்துக்கொண்டது. மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் வெறும் மிளகு என்றால் இன்றும் வற்றல்தான். பெயரைப் பறிகொடுத்த பழைய மிளகு, 'நல்ல' என்ற அடைமொழியை ஒட்டிக்கொண்டு பிழைத்தது. வடமொழிப் பிப்பலி என்பது நம் திப்பிலி. அது கிரேக்கத்துக்குப் போய்ப் பெப்பெரி ஆகி, லத்தீனில் பைப்பர் ஆகி, ஆங்கிலத்தில் பெப்பர் ஆனபோது திப்பிலியை விட்டு மிளகைக் குறித்தது. பிறகு அமெரிக்க மிளகாய்க்கும் அதே பெப்பரைத் தூக்கிக் கொடுத்தார்கள். விளவங்கோட்டில் நடந்ததும் லண்டனில் நடந்ததும் ஒரே கதை. புதுப் பண்டம் பழைய பெயரில்தான் குடியேறும்.

மிளகைப் பற்றிச் சொல்லிக் குளச்சலைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் என்னை விட மாட்டார்கள். 1741 ஆகஸ்ட் 10 அன்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அங்கே டச்சுக்காரர்களை முறித்தது. சண்டையின் அடியில் இருந்தது மிளகு வாணிபம் யார் கையில் என்ற கேள்வி. பிடிபட்ட தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். சங்கப் பாட்டின் கறிமூட்டைக்காக 18ஆம் நூற்றாண்டிலும் ஆள் செத்திருக்கிறான். கருங்கலிலிருந்து குளச்சல் தூரமில்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வெற்றித்தூணைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கன்னட நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதும் சரி, ஆனால் அது வேறு சொல். தமிழில் ரகரம் போட்ட கரி வேறு, றகரம் போட்ட கறி வேறு. கரி என்றால் அடுப்புக்கரி, கருமை. சான்று என்றும் பொருள் உண்டு. 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளில் வருவது சாட்சி. யானை என்றும் பொருள் உண்டு. அது வடமொழி, கரம் என்றால் கை, கை உடையது கரி. தும்பிக்கையைக் கை என்று நாமும்தானே சொல்கிறோம்? கன்னடத்தில் இந்த இரண்டு ஒலியும் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டன. அதனால் அவர்களுக்குக் கரி என்றால் கறுப்பு, கரி என்றால் எண்ணெயில் பொரித்தெடு என்றும் ஒரு வினை. கறிவேப்பிலையை அவர்கள் கரிபேவு என்பார்கள். கேட்டால் கருப்பு வேம்பு என்று விளக்கம் சொல்வார்கள். நம்மிலும் பலர் கருவேப்பிலை என்கிறார்களே. இலை கறிக்குப் போகிறது என்பதா, கறுத்த பச்சையாக இருக்கிறது என்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை போடலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

சென்னையில் கடைப்பலகையில் 'கரிக்கடை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் என் போன்ற வாத்திமாருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் காதில் இரண்டும் ஒன்றுதான். மலையாளத்தில் அப்படி இல்லை. அங்கே கரியும் கறியும் நாக்கில் தெளிவாகப் பிரியும். அதன் அண்டையில் வாழ்வதாலோ என்னவோ, விளவங்கோட்டுப் பிள்ளைகளுக்கு ரகர றகரப் பிழை குறைவு என்று ஒரு காலத்தில் நம்பினேன். விடைத்தாள் திருத்தத் திருத்த அந்த நம்பிக்கை போய்விட்டது.

அடுத்து ஆங்கிலம். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் சமையற்காரர்கள் தொகுத்த சுவடி ஒன்று உண்டு. அதன் பெயரில் 'க்யூரி' என்று ஒரு சொல் வரும். சமையல் என்று பொருள். பிரெஞ்சில் சமைப்பதைக் குறிக்கும் சொல்லோடு உறவு. அதைப் பிடித்துக்கொண்டுதான் கறி ஆங்கிலச் சொல் என்கிறார்கள். ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. சொல் எந்தக் கப்பலில் ஏறியது, எந்தத் துறையில் இறங்கியது என்று பார்க்க வேண்டும். கறிக்கு அந்தத் தடம் தெளிவாகவே கிடைக்கிறது.

1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். பின்னாலேயே வந்த போர்ச்சுகீசியர் மேற்குக் கரை நெடுக உட்கார்ந்து, கரையோரத்துக் கறியைக் கரில் என்று தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் இந்த லகரம் எங்கிருந்து வந்தது? அவர்கள் மொழியில் 'இல்' என்று முடியும் சொற்கள் பன்மையில் 'ஈஸ்' என்று மாறும். கறிகள் என்பதைக் கரீஸ் என்று சொல்லிப் பழகி, அதிலிருந்து ஒருமையைக் கரில் என்று பின்னோக்கிச் செய்துகொண்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. லிஸ்பனில் இன்றும் கரில்தான்.

1580களில் கோவாவில் சில ஆண்டுகள் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதிய பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் அவர் நம் ஆட்களின் சாப்பாட்டைச் சொல்கிறார். மீனைத்தான் அதிகம் சோற்றோடு தின்கிறார்கள், அதைக் குழம்பாகக் கொதிக்கவைத்துச் சோற்றின் மேல் ஊற்றுகிறார்கள், பழுக்காத காயைப் போட்டு வேகவைத்ததுபோலக் கொஞ்சம் புளிக்கிறது, ஆனால் ருசியாக இருக்கிறது, பெயர் கரியேல் என்று. இதைப் படித்தபோது எனக்குக் குளச்சலில் என் அம்மை வீட்டு அடுக்களைதான் கண்ணில் வந்தது. சோறு, மேலே மீன், புளிப்புக்கு மாங்காயோ புளிச்சிக்காயோ. ஆங்கிலத்தில் கறி முதன்முதலாகத் தலைகாட்டிய இடங்களில் இது ஒன்று. அங்கே அது இறைச்சி இல்லை, பொடி இல்லை, புளிப்பான மீன்குழம்பு. அதாவது உங்கள் மாமியார் அன்று வைத்த சாளைக்கறி. அவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்குக் கூடுதலாக ஒரு துண்டு விழும்.

கறி என்ற பெயரோடு ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் செய்முறை வருவது 1747இல், ஹன்னா கிளாஸ் என்ற அம்மையாரின் நூலில். 1810இல் பீகாரிலிருந்து போன தீன் முகமது என்பவர் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக்கென்றே ஒரு கடை திறந்தார். அந்த நூற்றாண்டுக்குள் சொல்லின் பொருள் நழுவிவிட்டது. அங்கே நாலைந்து சாமான்களைப் பொடித்து டப்பாவில் அடைத்து, அந்த மஞ்சள் பொடிக்கே கறி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பொடியோடுதான் சொல் மறுபடியும் கப்பல் ஏறியது. ஜெர்மனியில் 1949இல் ஹெர்தா ஹாய்வர் என்ற பெர்லின் கடைக்காரி வறுத்த சாசேஜின் மேல் தக்காளிச் சாஸும் இந்தப் பொடியும் போட்டு விற்றார். கறிவுர்ஸ்ட் பிறந்தது. அங்கே கறி என்றால் தூவுகிற தூள். ஜப்பானுக்கு மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாகப் போனது. கோதுமை மாவைக் கொழுப்பில் வறுத்துக் கெட்டியாக்கி, சோற்றின் பாதியில் ஊற்றினால் கரே ரைசு. அவர்கள் கடற்படையில் வெள்ளிக்கிழமை தோறும் அதுதான் சாப்பாடு. பிறகு 1927இல், அங்கே தஞ்சம் புகுந்திருந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் தோக்கியோவின் நாகமுராயா கடையில் இந்திய முறைக் கறியை அறிமுகம் செய்தார். இரண்டுமே இன்றும் ஓடுகின்றன.

தாய்லாந்தில் குழம்புக்கு அவர்கள் சொந்தச் சொல் கேங். நம் பக்கத்துக் குழம்பை அடையாளம் காட்ட 'கேங் கரி' என்கிறார்கள். குழம்புக் குழம்பு! நாம் நடு சென்டர் என்பதில்லையா, அதுபோல. ரீயூனியன், மொரீஷியஸ் தீவுகளில் மட்டும் சொல் பொடி டப்பாவில் போகவில்லை. கூலி வேலைக்குப் போன தமிழர்களின் வாயிலும் சட்டியிலுமாகப் போனது. அங்கே காரி என்றால் இன்றும் சோற்றின் மேல் ஊற்றிக்கொள்ளும் குழம்புதான். ஐரோப்பா வழியாகச் சுற்றிய சொல்லைவிட நேராகப் போன சொல் தன் பொருளை நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது.

உறவே இல்லாத ஆட்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு வம்சாவளி போட்டுவிடுவார்கள். வட இந்தியாவில் மோரும் கடலைமாவும் சேர்த்துக் காய்ச்சும் கடி, நம் புளிசேரிக்குப் பங்காளிபோலத் தோன்றும். ஆனால் அந்தச் சொல் காய்ச்சுவதைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. கஷாயத்துக்கு அவர்கள் சொல்லும் காடாவின் உடன்பிறப்பு. ஆங்கிலத்திலேயே குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவதற்குக் கறி என்று ஒரு வினை உண்டு. தோலைப் பதப்படுத்துகிறவருக்குக் கறியர் என்று பெயர். குதிரை தேய்க்கும் வினை பழைய பிரெஞ்சில் ஒழுங்குபடுத்துவதைக் குறித்த சொல்லின் வழி வந்தது. கறியர் லத்தீனில் தோலைக் குறித்த சொல்லின் வழி வந்தது. ஒருவரைக் காக்கா பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'கறி ஃபேவர்' என்பார்கள். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் ஃபோவெல் என்று ஒரு குதிரை வருகிறது. ஊரில் உள்ள பெரிய மனிதர்களெல்லாம் வந்து அதற்கு உடம்பு தேய்த்துவிடுகிறார்கள். ஃபோவெல் நாளடைவில் ஃபேவர் ஆகிவிட்டது. நாம் காக்கா பிடிக்கிறோம், அவர்கள் குதிரை தேய்க்கிறார்கள். வேலை ஒன்றுதான்.

உங்கள் வீட்டுக்காரருடைய கறியிங், ஹாஸ்கெல் கறி (1900–1982) என்ற அமெரிக்கத் தருக்கவியல் அறிஞரின் குடும்பப் பெயர். நாலு உள்ளீடு கேட்கும் ஒரு சார்பை, ஒன்று ஒன்றாக வாங்கிக்கொள்ளும்படி அடுக்கிவைப்பது அது. விருந்தில் இலை போட்டு ஒவ்வொரு தொடுகறியாக விளம்பிக்கொண்டு வருவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். அவர் ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னும் தள்ளிப்போனால், ஜப்பானியத்திலேயே கரி என்றால் வேட்டை, இன்னொரு கரி கடன். நார்வேயில் பெண்ணுக்கு இடும் பெயர். துருக்கியில் பெண்டாட்டி, அதுவும் அவ்வளவு மரியாதையான சொல் இல்லையாம், போனால் ஜாக்கிரதை. பின்லாந்தில் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பாறை. எங்கள் கடலோர மக்கள் பார் என்று சொல்வார்களே, மீன் அடையும் இடம், அதுதான். மீன் இருக்கும் இடத்துக்கும் கரி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று ஆசையாக ஓர் உறவு சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் அது வெறும் தற்செயல்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. ஆட்டுக்கறி வேண்டுமென்றால் கருங்கலில் எப்படிக் கேட்பது? வீட்டுக்காரர் சந்தைக்குக் கிளம்பும்போது "ஆட்டெறச்சி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லுங்கள். வந்த பிறகு மாமியார் "கறி வைக்கவா, பொரிக்கவா?" என்று கேட்பார். குழம்பு வேண்டுமென்றால் கறி என்று சொல்லலாம். மதுரைச் சுக்கா மாதிரி வேண்டுமென்றால் அந்த நேரத்தில் கறி என்ற சொல்லை மட்டும் வாயில் எடுத்துவிடாதீர்கள்.